இழுபடும் நீர்: மண்ணின் உறிஞ்சழுத்தத்தை நேரடியாக அளப்பது



ஒரே அளவு ஈரம் உள்ள இரண்டு மண்ணை எடுத்துக்கொள்வோம். 100 கிராம் உலர்ந்த மண்ணுக்கு 18 கிராம் நீர். ஒன்று ஆற்று மணல்; மற்றது கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல். மணலை ஒரு கை அள்ளினால் விரலிடுக்கில் நீர் கசியும். கரிசலில் நிற்கும் பயிரோ அதே 18 கிராமில் வாடத் தொடங்கியிருக்கும். கரிசலில் நீர் இருக்கிறது, ஆனால் வேர் இழுத்தால் வருவதில்லை. பாடம் படிக்காத உழவருக்கும் இது தெரியும். மண்ணில் எவ்வளவு நீர் இருக்கிறது என்பது ஒரு கேள்வி. அந்த நீரை மண் எவ்வளவு இறுக்கிப் பிடித்திருக்கிறது என்பது வேறொரு கேள்வி. இன்று சந்தையில் கிடைக்கும் 'மண் ஈர உணரி'களில் பெரும்பாலானவை முதல் கேள்விக்கே விடை சொல்கின்றன. நான் பேச வந்தது இரண்டாவது கேள்விக்கு விடை தரும் கருவியைப் பற்றி.

மண் முழுவதும் நனைந்திருக்கும்போது துகள்களுக்கு இடைப்பட்ட வெளியெல்லாம் நீர்தான். மண் காயக் காய அந்த வெளிக்குள் காற்று புகுகிறது. எஞ்சிய நீர் துகள்கள் ஒன்றையொன்று தொடும் இடுக்குகளில் ஒதுங்கி, குழிந்த மேற்பரப்போடு நிற்கிறது. பரப்பு இழுவிசையால் அந்தக் குழிவுக்கு உள்ளே நீரின் அழுத்தம், வெளியே உள்ள காற்றின் அழுத்தத்தைவிடக் குறைந்துவிடுகிறது. இடுக்கு குறுகக் குறுகக் குழிவு கூர்மையாகும். அழுத்தம் இன்னும் இறங்கும். காற்றழுத்தத்துக்கும் நீரழுத்தத்துக்கும் உள்ள இந்த வித்தியாசத்தைத்தான் உறிஞ்சழுத்தம் என்கிறோம். 1907-இல் அமெரிக்க வேளாண் துறையின் மண் பணியகத்தில் இருந்த எட்கர் பக்கிங்காம் என்ற இயற்பியலாளர், மண்நீரின் ஓட்டத்தை இந்த வகை ஆற்றல் வித்தியாசத்தால் விளக்க முடியும் என்று காட்டினார். மண்நீர் இயலின் தொடக்கம் அங்கேதான்.

அளவுகளை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். 10 மீட்டர் நீர்த்தம்பத்தின் அழுத்தம் ஏறக்குறைய 100 கிலோபாஸ்கல். நல்ல மழைக்குப் பின் மிகை நீர் வடிந்து முடிந்த வயலில் உறிஞ்சழுத்தம் 10 முதல் 33 கிலோபாஸ்கல் வரை இருக்கும். பெரும்பாலான பயிர்கள் மீளாமல் வாடிவிடும் நிலை என்று வேளாண் நூல்கள் வைத்திருப்பது 1,500 கிலோபாஸ்கல். கோடையில் வெடித்துக் கிடக்கும் களிமண்ணின் மேலடுக்கில் உறிஞ்சழுத்தம் அதையும் பல மடங்கு தாண்டும்.

இந்த அழுத்தத்தை அளக்கும் வழி, கொள்கையளவில் மிக எளியது. பானைப் பாசனம் பார்த்திருப்பீர்கள். சூளையில் சுட்ட, மெருகு பூசாத பானையைச் செடியருகே கழுத்துவரை புதைத்து நீர் நிரப்பி மூடிவிடுவார்கள். மண் காய்ந்திருந்தால் பானைச் சுவரின் நுண்துளைகள் வழியே நீரை இழுத்துக்கொள்ளும். நனைந்திருந்தால் இழுப்பது குறையும். திறந்து மூட யாரும் வேண்டாம். மண்ணின் உறிஞ்சழுத்தமே அந்த வேலையைப் பார்க்கிறது. இப்போது அந்தப் பானையைச் சிறிதாக்கி, காற்றுப் புகாதபடி அடைத்து, உள்ளிருக்கும் நீரோடு ஓர் அழுத்தமானியை இணைத்துவிடுங்கள். மண் இழுக்கும், ஆனால் இழுபட்டுப் போன நீருக்கு ஈடாக உள்ளே வருவதற்கு எதுவும் இல்லை. ஆகவே உள்ளே அழுத்தம் இறங்கும், மண்நீரின் அழுத்தமும் உள்நீரின் அழுத்தமும் சமமாகும்வரை. மானி காட்டுவது மண்ணின் உறிஞ்சழுத்தம். இதுதான் டென்சியோமீட்டர். 1920-களில் யூட்டாவில் வில்லர்ட் கார்ட்னரும், அவரிடம் பயின்ற லொரென்சோ ரிச்சர்ட்ஸும் இதை முறையான கருவியாக வளர்த்தார்கள். ஈரம் நிறையாத மண்ணில் நீரோட்டத்தை விவரிக்க இன்றும் நாம் பயன்படுத்தும் சமன்பாடு 1931-இல் வெளிவந்த ரிச்சர்ட்ஸின் சமன்பாடுதான். அளக்கும் கருவியும் கணக்கிடும் சமன்பாடும் ஒரே மனிதரின் கையில் வளர்ந்தது தற்செயல் அல்ல என்றே நான் நினைக்கிறேன். அளந்து பார்த்தவருக்குத்தான் எதைக் கணக்கிட வேண்டும் என்பது தெரியும்.

ஆனால் இந்தக் கருவிக்கு ஓர் எல்லை இருந்தது. உறிஞ்சழுத்தம் 80, 85 கிலோபாஸ்கலைத் தாண்டியதும் குழாயினுள் குமிழிகள் தோன்றும், நீர்த்தொடர்பு அறுந்துபோகும், மானி பொய் சொல்லத் தொடங்கும். மலையில் இன்னும் மோசம். ஊட்டியின் உயரத்தில் வளிமண்டல அழுத்தமே ஏறக்குறைய 77 கிலோபாஸ்கல்தான். அங்கே கருவி அதற்கும் முன்னாலேயே ஓய்ந்துவிடும். பயிர் வாடும் 1,500-ஐ எண்ணிப் பாருங்கள். முழு வீச்சில் ஏறக்குறைய இருபதில் ஒரு பங்கை மட்டுமே அளக்கும் கருவியாகவே டென்சியோமீட்டர் எழுபது ஆண்டுகள் இருந்தது.

இதற்குப் பாடநூல்கள் சொன்ன காரணம் கேட்பதற்கு நியாயமாகவே இருந்தது. வளிமண்டலம் கொடுக்கும் அழுத்தம் 100 கிலோபாஸ்கல்தான்; அதையும் கழித்துவிட்டால் வெற்றிடம்; வெற்றிடத்துக்கும் கீழே அழுத்தம் ஏது? வாயுவுக்கு இது முழு உண்மை. நீர்மத்துக்கு அப்படியல்ல. நீரின் மூலக்கூறுகள் ஒன்றையொன்று பற்றிக்கொண்டிருக்கின்றன. அந்தப் பிடி இருக்கும்வரை நீரைக் கம்பியைப் போல இழுக்கலாம். 1850-இலேயே பிரெஞ்சு வேதியியலாளர் பெர்த்தெலோ இதைச் செய்து காட்டினார். கண்ணாடிக் குழாயில் நீரை ஏறக்குறைய நிரப்பி, மூடி, சூடாக்கினார்; நீர் விரிந்து குழாய் முழுவதையும் நிறைத்தது. பிறகு குளிர வைத்தார். நீர் சுருங்க விரும்பியும் சுவரைப் பற்றியிருந்ததால் சுருங்க முடியாமல் இழுபட்டு நின்றது. அவர் கணித்த இழுவிசை 50 வளிமண்டலங்கள் அளவுக்கு வந்தது. 1991-இல் குவார்ட்ஸ் படிகங்களுக்குள் அடைபட்ட நுண்ணிய நீர்த்துளிகளை ஆராய்ந்த குழு, 1,400 வளிமண்டலங்கள்வரை நீர் அறாமல் தாங்கியதைக் கண்டது. இவ்வளவுக்கும் போக வேண்டாம். வெளியே நிற்கும் மரங்களைப் பாருங்கள். உச்சி இலைக்கு நீர் ஏறுவது அடியிலிருந்து தள்ளப்பட்டு அல்ல, மேலிருந்து இழுக்கப்பட்டு; மரத்தினுள் நீர் இழுபட்ட நிலையிலேயே இருக்கிறது என்று 1890-களில் டப்ளினில் டிக்சனும் ஜோலியும் விளக்கிவிட்டார்கள். கோடை மதியத்தில் ஒரு மரம் 1,000 கிலோபாஸ்கலுக்கு மேற்பட்ட இழுவிசையை நீருக்குள் தாங்கி நிற்பது சாதாரணச் செய்தி.

அப்படியானால் டென்சியோமீட்டரில் மட்டும் நீர் 80-இல் ஏன் அறுந்துபோகிறது? குற்றம் நீருடையது அல்ல. குழாயின் சுவரிலும் பீங்கானிலும் உள்ள நுண்ணிய பிளவுகளில் ஒளிந்திருக்கும் வாயுவினுடையது. நீர் ஊற்றும்போது பிளவின் அடிவரை அது போவதில்லை. அடியில் ஒரு துளி காற்று தங்கிவிடுகிறது. அழுத்தம் இறங்கும்போது அந்தத் துளி காற்று விரிந்து, பிளவை விட்டு வெளியே வந்து, குமிழியாகிறது. இந்த விளக்கம் மண்ணியலில் இருந்து வந்ததல்ல. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில், திடீரென அழுத்தம் குறையும்போது உடலுக்குள் ஏன் குமிழிகள் தோன்றுகின்றன என்று பிரின்ஸ்டனில் ஆராய்ந்த நியூட்டன் ஹார்வியின் குழு சொன்னது. நீரை முதலில் மிகுந்த அழுத்தத்துக்கு உட்படுத்தினால் ஒளிந்திருக்கும் வாயு கரைந்துவிடும், பிறகு குமிழி எளிதில் பிறக்காது என்பதையும் அவர்கள் காட்டினார்கள். மண் இயக்கவியலில் அதற்குப் பலன் கிடைக்க அரை நூற்றாண்டு ஆனது.

1993-இல் லண்டன் இம்பீரியல் கல்லூரியில் ஆண்ட்ரூ ரிட்லியும் ஜான் பர்லாண்டும் 'ஜியோடெக்னிக்' ஆய்விதழில் நான்கே பக்கத்தில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். பர்லாண்டை உங்களில் சிலர் அறிந்திருப்பீர்கள். பைசா சாய்கோபுரத்தை மேலும் சாயாமல் நிறுத்திய குழுவில் இருந்தவர். அந்தக் கட்டுரை விவரித்த கருவி விரலளவுதான். முகப்பில் ஒரு பீங்கான் வில்லை. அதற்குப் பின்னால் அழுத்த உணரியின் உலோகத் தகடு. இரண்டுக்கும் இடையே நீர். அதுவரை மனிதர் செய்த டென்சியோமீட்டர்களில் இருந்து அதை வேறுபடுத்தியது அந்த நீரின் அளவு. நீண்ட குழாய் இல்லை, ரப்பர் அடைப்பு இல்லை. சில கன மில்லிமீட்டர் நீர் மட்டுமே. நீர் குறைந்தால் அது தொடும் சுவர்ப்பரப்பு குறையும். சுவர் குறைந்தால் வாயு ஒளிய இடம் குறையும்.

பீங்கானின் துளைகளுக்கும் ஒரு கணக்கு உண்டு. துளையில் நிற்கும் நீர்ப்பரப்பைத் தள்ளிக்கொண்டு காற்று உள்ளே வரத் தேவையான அழுத்தம், துளை விட்டத்துக்கு எதிர்விகிதம். 100 கிலோபாஸ்கலைத் தடுக்க 3 மைக்ரோமீட்டருக்குச் சற்றுக் குறைந்த துளை போதும். 1,500-ஐத் தடுக்க 0.2 மைக்ரோமீட்டர் அளவுக்கு இறங்க வேண்டும். அதனால்தான் இந்தக் கருவிகளில் '15 பார்' என்று அழைக்கப்படும் நெருக்கமான பீங்கான் பயன்படுகிறது.

பிறகு, பொறுமையைக் கேட்கும் பகுதி: கருவியைத் தயார் செய்வது. முதலில் பீங்கானை நன்றாக உலர்த்தி வெற்றிடத்தில் வைக்க வேண்டும். துளைகளில் உள்ள காற்று வெளியேற வேண்டும். அந்த வெற்றிடத்தை உடைக்காமலே காற்று நீக்கிய நீரை உள்ளே விட வேண்டும். அதன் பின் நீரைச் சில ஆயிரம் கிலோபாஸ்கல் அழுத்தத்தில் ஒரு நாளோ அதற்கு மேலோ வைத்திருக்க வேண்டும். அவசரப்பட்டால் வேலைக்காகாது. நன்றாகத் தயாரான கருவியா என்று பார்க்க ஓர் எளிய சோதனை உண்டு. மாணவர்களுக்கு நாங்கள் முதலில் காட்டுவதும் இதைத்தான். முகப்பை மூடியிருக்கும் நீரைத் துடைத்துவிட்டுச் சும்மா அறைக் காற்றில் வைத்துவிடுவோம். பீங்கானின் மேற்பரப்பில் நீர் ஆவியாகத் தொடங்கியதும் திரையில் எண் கீழே ஓடும். −100-ஐக் கடக்கும், அங்கே எதுவும் நிகழாது. −500, −1,000 என்று இறங்கிக்கொண்டே போகும். வெற்றிடத்துக்குக் கீழே நீர் இழுபட்டு நிற்பதைக் கண்ணெதிரே பார்க்கிறோம். ஓர் இடத்தில் சட்டென்று எண் −100-க்கு அருகே தாவிவிடும். நீர் அறுந்துவிட்டது, உள்ளே இப்போது இருப்பது நீராவிக் குமிழி.

அந்தத் தாவலை நினைவில் வையுங்கள். களத்தில் வேலை செய்பவர்கள் ஏமாறக்கூடிய இடம் அது. அறுந்துபோன கருவி 'பழுது' என்று எழுதிக் காட்டுவதில்லை. 100 கிலோபாஸ்கல் உறிஞ்சழுத்தம் என்று, நம்பத்தக்க ஓர் எண்ணைச் சலனமில்லாமல் காட்டிக்கொண்டே இருக்கும். மண்ணில் உண்மையில் 600 இருக்கலாம். தரவுக் கோப்பில் எண்கள் திடீரென −100-ஐ ஒட்டிச் சமமாக ஓடினால், அது மண்ணின் கதை அல்ல.

தொடுகையும் முக்கியம். பீங்கானுக்கும் மண்ணுக்கும் நடுவே காற்றிடைவெளி இருந்தால் நீர்த்தொடர்பே இல்லை. ஆகவே முகப்பில் மெல்லிய களிக்குழம்பைப் பூசித்தான் மண்ணில் அழுத்துவோம். ஒழுங்காகச் செய்தால் சில நிமிடங்களில் எண் நிலைபெறும்.

இவ்வளவு பாடுபட்டு நேரடியாக ஏன் அளக்க வேண்டும், மறைமுக வழிகள் இல்லையா என்று கேட்கலாம். இருக்கின்றன. ஜிப்சம் கட்டைகள் 1940 முதல் புழக்கத்தில் உள்ளன. அவை தம்முள் ஏறும் ஈரத்தை மின்தடை வழியே அளந்து, உறிஞ்சழுத்தமாக மாற்றிச் சொல்கின்றன. ஒரே உறிஞ்சழுத்தத்தில் காய்ந்துகொண்டிருக்கும் கட்டையும் நனைந்துகொண்டிருக்கும் கட்டையும் வேறு வேறு அளவு நீரை வைத்திருக்கும் என்பதால் விடை தடுமாறும். வாட்மன் 42 வடிதாளை மண்ணோடு சேர்த்து அடைத்துவைத்து, ஒரு வாரத்துக்கு மேல் காத்திருந்து, நிறுத்துப் பார்க்கும் முறை மலிவானது. நான் மதிக்கும் முறையும்கூட. ஆனால் மழை பெய்துகொண்டிருக்கும் சரிவில் ஒரு வாரம் காத்திருக்க முடியாது. மண்துளைகளில் உள்ள காற்றின் ஈரப்பதத்தை அளப்பது மற்றொரு வழி. இங்கே இயற்கையே கையை விரித்துவிடுகிறது. 1,500 கிலோபாஸ்கலில் அந்தக் காற்றின் ஒப்பு ஈரப்பதம் 98.9 விழுக்காடு, 100 கிலோபாஸ்கலில் 99.93. ஈரப்பதத்தில் 1 விழுக்காடு பிழைத்தால் உறிஞ்சழுத்தத்தில் 1,300-க்கு மேல் பிழைக்கும். மிகவும் காய்ந்த மண்ணுக்கு அந்த வழி சிறந்தது. நனைந்த மண்ணுக்கு, அதாவது சரிவுகள் விழும் நிலையில் உள்ள மண்ணுக்கு, அதை நம்ப முடியாது. உள்ளே பாலிமர் கரைசல் நிரப்பி, சவ்வூடு பரவலின் அழுத்தத்தால் நீர் அறுந்துபோகாமல் காக்கும் டென்சியோமீட்டர்களும் வந்திருக்கின்றன. வெப்பநிலை மாறும்போது அவற்றின் அளவும் மாறுவதைக் கவனித்துத் திருத்த வேண்டும்.

சரிவுகள் என்றேன். பொறியியலில் இந்த அளவீடு உயிரோடு தொடர்புடையது என்பதை ஹாங்காங்கைப் போல் எந்த ஊரும் காட்டவில்லை. 1972 ஜூன் 18. மூன்று நாளில் 650 மில்லிமீட்டருக்கு மேல் மழை. சாவ் மாவ் பிங்கில் சாலைக்கரை சரிந்து 71 பேர் இறந்தார்கள். அன்றே போ ஷான் சாலைக்கு மேலிருந்த மலைச்சரிவு இறங்கி, குடியிருப்புக் கட்டடத்தையே அடித்துச் சென்றது. 67 பேர் இறந்தார்கள். 1976 ஆகஸ்டில் அதே சாவ் மாவ் பிங்கில் மீண்டும் சரிவு, 18 பேர். அடுத்த ஆண்டே ஹாங்காங் அரசு நிலத்தொழில்நுட்பக் கட்டுப்பாட்டு அலுவலகத்தை நிறுவியது.

பொறியாளர்களைக் குழப்பிய கேள்வி, அந்தச் சரிவுகள் ஏன் விழுந்தன என்பதைவிட, மற்றவை ஏன் விழாமல் நின்றன என்பதே. சிதைந்த கிரானைட் மண்ணில் வெட்டிய எத்தனையோ சரிவுகள், நனைந்த மண்ணின் வலிமையை வைத்துக் கணக்கிட்டால் நிற்கவே கூடாத கோணத்தில் ஆண்டுக்கணக்காக நின்றன. அவற்றை நிறுத்தி வைத்திருந்தது உறிஞ்சழுத்தம். கடற்கரையில் ஈரமணலில் குழந்தை கட்டும் சுவர் செங்குத்தாக நிற்பதும் இதனால்தான். 1978-இல் பிரெட்லண்ட், மார்கன்ஸ்டர்ன், விட்ஜர் மூவரும் இதற்குச் சமன்பாடு தந்தார்கள்: உறிஞ்சழுத்தம் கூடக் கூட மண்ணின் வெட்டு வலிமையும் ஒரு கோணத்தின் டேன்ஜென்ட் விகிதத்தில் கூடும். அந்தக் கோணம் 15 பாகை என்று வையுங்கள். 50 கிலோபாஸ்கல் உறிஞ்சழுத்தம் 13 கிலோபாஸ்கல் ஒட்டுவலிமையைச் சேர்க்கும். சிறிய எண்தான். ஆனால் 30 பாகை உராய்வுக் கோணம் உள்ள மண்ணில், வெறும் கணக்கின்படி, 5 மீட்டர் செங்குத்துச் சுவரைத் தாங்கிவிட அது போதும். மழைநீர் இறங்கி அந்த 50 சுழியானால், 13-ம் சுழி. மண் மாறவில்லை, எடையும் பெரிதாகக் கூடவில்லை. பிடிமானம் மட்டும் போய்விடுகிறது.

தாள்மேல் எழுதிய 50 உண்மையில் அந்தச் சரிவில் இருக்கிறதா? ஹாங்காங்கில் அதையும் அளந்தார்கள். தோர்ப் மேனர் என்ற இடத்தில் சரிவுக்குள் கிணறு போலத் தோண்டி, அதன் சுவரில் துளையிட்டு, பல ஆழங்களில் டென்சியோமீட்டர்களை மண்ணுக்குள் செருகி, ஆண்டின் பருவங்களோடு எண்கள் ஏறி இறங்குவதைப் பதிந்தார்கள். 1982-இல் வெளியான அந்த அளவுகள் இன்றும் பாடநூல்களில் இருக்கின்றன. மேலே அலைபாயும் எண்கள் ஆழத்தில் அடங்கி நிற்பதை அவற்றில் பார்க்கலாம்.

நம் நீலகிரிக்கு வருகிறேன். 2009 நவம்பரில் அங்கே நிலச்சரிவுகளில் 40-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். சார்னோக்கைட் பாறை சிதைந்து உருவான தடித்த மண், செங்குத்தாக வெட்டிய சாலையோரங்கள், வடகிழக்குப் பருவமழை. ஹாங்காங்கின் அதே கேள்விகள். எச்சரிக்கைக்கு நாம் பெரிதும் நம்பியிருப்பது மழைமானியை. மழைமானி வானத்தில் இருந்து விழுந்ததைச் சொல்லும். மண்ணுக்குள் போனதைச் சொல்லாது. ஒரு மாதத் தூறலில் ஊறிய சரிவுக்கு 80 மில்லிமீட்டர் போதும். காய்ந்த சரிவு 200-ஐயும் தாங்கும்.

இதற்கு 1,500 வரை அளக்கும் அரிய கருவிதான் வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். மழைக்காலச் சரிவுக்குத் தேவையான வீச்சு சுழியில் இருந்து 60, 70 வரைதான். பழைய டென்சியோமீட்டரே அதை அளக்கும். அதன் தொல்லை கோடையில். மார்ச்சில் மண் காய்ந்து நீர் அறுந்துபோனால், யாராவது மலையேறிப் போய் மீண்டும் நீர் நிரப்பும்வரை அது செத்த கருவி. முதல் பெருமழை அதற்குள் வந்துவிடும். உயர்வீச்சுக் கருவி அந்த இடைவெளியைக் குறைக்கிறது, அடியோடு நீக்கவில்லை. பல வாரம் கடும் இழுவிசையில் இருந்தால் அதிலும் நீர் அறும். ஆகவே கருவி வாங்கும் பணத்தோடு, ஆண்டு முழுவதும் அதைக் கவனிக்கும் ஒருவரின் சம்பளத்தையும் திட்டத்தில் எழுத வேண்டும். இதை எழுதாத திட்டங்களில் முதல் பருவமழைக்கே தரவு நின்றுவிடும்.

வைப்பதாக இருந்தால், ஒரே துளையில் அரை மீட்டர், 1 மீட்டர், 2 மீட்டர், 3 மீட்டர் என்று ஆழம் ஆழமாக வைக்க வேண்டும். மழை தொடங்கியதும் அரை மீட்டரில் எண் முதலில் சரியும். பிறகு 1 மீட்டரில். எந்த நேரத்தில் எது சரிந்தது என்பதைக் கொண்டு ஈரமுனை மணிக்கு எத்தனை சென்டிமீட்டர் இறங்குகிறது என்று கணக்கிடலாம். பாறைக்கு மேலுள்ள மண் முழுவதும் நனைய இன்னும் எவ்வளவு நேரம் என்றும் சொல்லலாம். டென்சியோமீட்டர் சுழியோடு நின்றுவிடுவதும் இல்லை. பாறைத்தளத்தின் மேல் நீர் தேங்கத் தொடங்கினால், அதே கருவி நேர்மறை அழுத்தத்தைக் காட்டும். 3 மீட்டர் ஆழத்தில் +5 கிலோபாஸ்கல் என்றால் பீங்கானுக்கு மேல் அரை மீட்டர் நீர் நிற்கிறது என்று பொருள். அந்தச் சரிவின் கீழே இருக்கும் வீடுகளை விடிவதற்கு முன்பே காலி செய்யச் சொல்ல ஆட்சியருக்கு அந்த எண் போதும்.